தோட்டத்தில விளையுது, அடுப்படியில ஏன் குறையுது? சின்னக் கமக்காரக் குடும்பங்களும் உணவுப் பாதுகாப்பும்

கமம் செய்யிற வீட்டில சாப்பாட்டுக்கு என்ன குறை வரப்போகுது எண்டு கன பேர் நினைக்கினம், நெல்லு இருக்கு, மரக்கறி இருக்கு, வளவுக்க முருங்கை நிக்குது, பிறகென்ன எண்டு. ஆனால் உலகம் முழுக்க எடுத்துப் பாத்தால் சாப்பாட்டுக்கு அல்லாடுற ஆக்களில பெரிய பங்கு கிராமங்களில, கொஞ்ச நிலத்தை நம்பிச் சீவிக்கிற ஆக்கள்தான். உலகத்தில இருக்கிற பண்ணையளில ஆறில அஞ்சு, ரெண்டு ஹெக்டேயருக்கும் குறைஞ்சது, அதாவது அஞ்சு ஏக்கருக்கும் குறைவு, உலகத்தின்ர உணவில மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட அவையின்ர கையாலதான் வருது எண்டு ஐ.நா.வின்ர உணவு விவசாய அமைப்பு சொல்லுது. யாழ்ப்பாணத்தில அஞ்சு ஏக்கர் எண்டதே பெரிய காணி, இஞ்ச தோட்டம் எல்லாம் பரப்புக் கணக்குத்தான் (தோட்டத்தில ஏக்கரைப் பதினாறாப் பிரிச்சால் ஒரு பங்கு ஒரு பரப்பு). உணவை விளைவிக்கிற வீட்டிலயே ஏன் உணவு குறையுது எண்டதைத்தான் இதில கொஞ்சம் விபரமாப் பாக்கப்போறம், முதல்தரம் வாசிக்கிற ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி.

உணவுப் பாதுகாப்பு எண்டால் என்ன எண்டதுக்கு 1996ல ரோமில நடந்த உலக உணவு உச்சி மாநாட்டில ஒரு வரைவிலக்கணம் வைச்சவை. சுருக்கிச் சொன்னால், எல்லா மனிசருக்கும் எல்லா நேரத்திலயும், உடம்புக்குக் காணக்கூடிய அளவில, சத்தான, பழுதில்லாத, தங்களுக்கு ஒத்துக்கொண்ட சாப்பாடு கைக்கு எட்டுற மாதிரி இருக்கவேணும், வாங்கக் காசும் இருக்கவேணும். இதை நாலாப் பிரிச்சுப் பாக்கினம். ஒண்டு, சாப்பாடு எண்ட பொருள் ஊரில, சந்தையில இருக்குதோ எண்டது. ரெண்டாவது, அது இந்த வீட்டுக்கு எட்டுதோ எண்டது. மூண்டாவது, சாப்பிட்டது உடம்பில சேருதோ, தண்ணி நல்லதோ, பிள்ளைக்கு வயித்தோட்டமோ எண்டது. நாலாவது, இது வருசம் முழுக்க நிலைச்சு நிக்குதோ, இல்லாட்டி நாலு மாசம் நல்லாச் சாப்பிட்டுப்போட்டு மிச்ச மாசம் இழுபறியோ எண்டது.

கன பேர் முதலாவதோட நிண்டிடுவினம், விளைச்சலைக் கூட்டினால் எல்லாம் சரி எண்டு. அமர்த்தியா சென் 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ஞ்சு 1981ல எடுத்துச் சொன்ன விசயமே இதுதான், நாட்டில சாப்பாடு இருக்கேக்கையே சனம் பட்டினி கிடந்து சாகும், ஏனெண்டால் அந்தச் சாப்பாட்டைத் தன்ர ஆக்கிக்கொள்ளுற வழி அந்தச் சனத்தின்ர கையில இல்லை. நாட்டுக்குச் சொன்ன இந்த விசயம் ஒரு வீட்டுக்கும் அப்பிடியே பொருந்தும் எண்டது என்ர எண்ணம். தோட்டத்துக்கும் கோப்பைக்கும் (சாப்பிடுற தட்டைத்தான் சொல்லுறன்) இடையில ஒரு வீடு நிக்குது. அந்த வீட்டில எத்தினை பேர், ஆர் உழைக்கினம், காணி ஆற்ற பேரில, கடன் எவ்வளவு, காசை ஆர் வைச்சிருக்கினம் எண்டதெல்லாம் சேர்ந்துதான் கோப்பையில என்ன விழுது எண்டதைத் தீர்மானிக்குது. ஆய்வு செய்யிற ஆக்கள் இதைத்தான் குடும்பக் காரணிகள் எண்டு சொல்லுறவை.

கோப்பாய்ப் பக்கம் ஒரு ஒழுங்கையில ரெண்டு வீடு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ரெண்டு வீட்டுக்கும் ஒரே செம்மண், ஆறு ஆறு பரப்புத் தோட்டம், ரெண்டு பேரும் வெங்காயமும் மரக்கறியும் போடுகினம், மழையும் ஒரே மழை. முதல் வீட்டில தாய் தேப்பன் ரெண்டு பேரும் உழைக்கினம், வளர்ந்த பெடியன் மேசன் வேலைக்குப் போறான், ஒரு பிள்ளை பள்ளிக்கூடம். ரெண்டாவது வீட்டில தாய் ஒருத்திதான் உழைக்கிறா, மூண்டு பிள்ளையள், படுக்கையில ஒரு பேத்தி. (எங்கட பக்கத்தில அப்பம்மாவையும் அம்மம்மாவையும் பேத்தி எண்டுதான் சொல்லுறது, தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன்.) முதல் வீட்டில மூண்டு பேர் உழைச்சு நாலு வாய்க்குப் போடினம். ரெண்டாவதில ஒருத்தி உழைச்சு அஞ்சு வாய்க்கு. சாதாரணமா 15 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களையும் 64க்கு மேலான ஆக்களையும் கூட்டி, இடைப்பட்ட வயசுக்காரரால பிரிச்சுப் பாத்துத் தங்கியிருப்போர் விகிதம் எண்டு எடுக்கினம். இந்த எண் கூடக் கூட அந்த வீட்டின்ர சாப்பாடு இறுகும். குடும்பம் பெரிசா எண்டதை விட, உழைக்கிற கை எத்தினை எண்டதைத்தான் முதல் பாக்கவேணும்.

காணியைப் பற்றி. தோட்டத்தறையில 16 பரப்பு ஒரு ஏக்கர், வயலில 24 பரப்பு. ஒரு சின்னக் கணக்குப் பாப்பம். ஒரு ஆளுக்கு வருசத்துக்கு 100 கிலோ அரிசி வேணும் எண்டு எடுத்தால் நாலு பேருக்கு 400 கிலோ. நெல்லைக் குத்தினால் மூண்டில ரெண்டு பங்குதான் அரிசி, அப்ப 600 கிலோ நெல்லு வேணும். மழையை நம்பி விதைக்கிற வயலில ஏக்கருக்கு ஒரு தொன் வந்தால், 14, 15 பரப்பு வயல் இருந்தால்தான் அந்த வீட்டுக்குச் சோத்துக்கு மட்டும் காணும், அதுவும் விதைநெல்லு, உழவுக்கூலி, வெட்டுக்கூலி ஒண்டும் கழிக்காமல். எங்கட பக்கம் வயல் ஒரே ஒரு போகம், ஐப்பசி மழையோட முளைச்சுத் தை மாசியில வெட்டுறது. வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை, குளத்துப் பாய்ச்சலும் பெரிசா இல்லை. அதால கன சின்னக் கமக்காரர் தோட்டத்தில விளையிறதை வித்துத்தான் அரிசியும் மாவும் வாங்கினம், அதாவது விவசாயி எண்டாலும் சாப்பாட்டுக்கு அவை கடைக்குப் போற ஆக்கள்தான், இது விளங்காட்டில் மிச்சம் ஒண்டும் விளங்காது. அரிசி விலை ஏறினால் அவைக்கும் அடி, வெங்காயம் விலை விழுந்தாலும் அவைக்குத்தான் அடி.

காணி துண்டு துண்டாப் போறதும் ஒரு பெரிய விசயம். பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சீதனம், ஆம்பிளைப் பிள்ளையளுக்கு முதுசம் எண்டு பிரிச்சுப் பிரிச்சு ரெண்டு தலைமுறையில ஒரு ஏக்கர் நாலு பரப்பாகிடும். குத்தகைக்கு எடுத்துச் செய்யிற ஆக்களுக்கு இன்னும் கஷ்டம், அடுத்த வருசம் இந்தத் தறை கிடைக்குமோ எண்டு தெரியாத இடத்தில ஆர் மாட்டெரு போட்டு மண்ணைத் திருத்துவினம், ஆர் தென்னம்பிள்ளை வைப்பினம்? யாழ்ப்பாணத்தின்ர வலிகாமம் வடக்கு ஆக்கள் 1990ல போரால இடம்பெயர்ந்து கன வருசம் சொந்தச் செம்மண்ணை வேலிக்கு அங்கால பாத்துக்கொண்டு இருந்தவை, இராணுவம் காணியை விட்டபிறகு போய்ப் பாத்தால் பத்தைக் காடும் தூர்ந்த கிணறும். அதைத் திருப்பித் தோட்டமாக்கக் கையில காசிருந்த வீடு எழும்பிட்டுது, இல்லாத வீடு இன்னும் கூலிக்குப் போகுது.

கிணறு. யாழ்ப்பாணத்தில தோட்டம் எண்டால் கிணறுதான், சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணியை இறைச்சுத்தான் எல்லாம். சொந்தக் கிணறோ பங்குக் கிணறோ, கரண்ட் மோட்டரோ மண்ணெண்ணெய் மெசினோ, இதுவெல்லாம் ஒரு வீட்டின்ர சாப்பாட்டோட நேராத் தொடர்பு. 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில இருந்து 340 ரூபாவுக்கு ஏறேக்கை மோட்டர் இருந்த வீடு இறைச்சுது, மெசினை நம்பியிருந்த வீடு பயிரைக் காயவிட்டுது. அதுக்கு முதல் வருசம் மே மாசம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில நிப்பாட்டினவை, நவம்பரில தடையைத் தளர்த்தினாலும் விலை பிடிக்கேலாத இடத்துக்குப் போட்டுது. 2022 செப்டெம்பரில உணவுப் பணவீக்கம் 95 வீதத்துக்குக் கிட்ட, நாட்டில 63 லட்சம் பேர் உணவுப் பாதுகாப்பு இல்லாமல் இருக்கினம் எண்டு ஐ.நா. அமைப்புக்கள் கணக்குச் சொன்னவை. அடி எல்லாருக்கும் விழுந்தது. ஆனால் எல்லா வீடும் ஒரே அளவுக்கு விழேல்லை, சாப்பாட்டைக் குறைச்ச வீடும் இருந்தது, மீனை மட்டும் குறைச்ச வீடும் இருந்தது, அந்த வித்தியாசம் முழுக்க வீட்டுக்குள்ள இருந்து வந்தது.

கடன்தான் எனக்கு எல்லாத்திலயும் முக்கியமாப் படுறது, அதைக் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுறன். பயிர் வைக்கிற நேரம் கையில காசு இருக்காது, மனிசியின்ர நகையை அடைவு வைச்சுத்தான் விதைக்கும் உழவுக்கும் காசு எடுக்கிறது, இல்லாட்டிச் சீட்டு, இல்லாட்டிப் பசளையும் மருந்தும் கடையில கடனுக்கு. அறுவடை வந்தவுடன கடன்காரர் வந்திடுவினம், அப்ப எல்லாரின்ர வெங்காயமும் ஒரே நேரம் சந்தைக்கு வந்து விலை அடிபாட்டுக்குள்ள கிடக்கும், அந்த விலைக்கே குடுக்கவேண்டி வரும், போதாக்குறைக்கு நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோ கழிவு எண்டு வெட்டுற பழக்கம் வேறை. கொஞ்சம் தாக்குப்பிடிக்கக்கூடிய வீடு என்ன செய்யும், வெங்காயத்தைக் காயவிட்டுப் பிடி பிடியாக் கட்டிக் கொட்டிலுக்க தூக்கிப்போட்டு ரெண்டு மூண்டு மாசம் பாத்திருந்து விக்கும், அடுத்த நடுகைக்கு விதைவெங்காயமும் அதிலயே நிக்கும். கடன்பட்ட வீடு விதையையும் வித்திடும், பிறகு நடுகை நேரம் அதே விதையை ரெண்டு மூண்டு மடங்கு விலைக்குத் திருப்பி வாங்க இன்னொரு நகை அடைவுக்குப் போகும். ஒரே விளைச்சல், ஒரே மண். ஒரு வீட்டில புரட்டாதியிலயும் சாக்கில நெல்லு இருக்கும், மற்ற வீடு மாசியில வித்த நெல்லை அப்ப அரிசியா வாங்கும். விளைச்சலை மட்டும் அளக்கிற ஆக்களுக்கு இது கண்ணில படாது, பாங்கில கமத்துக்கு லோன் எடுக்கிறதெண்டால் காணி உறுதி, பிணை எண்டு கேப்பினம், குத்தகைக்காரர் எங்க போறது?

இந்த இடத்தில பொம்பிளையளைப் பற்றிக் கதைக்காமல் போகேலாது. போருக்குப் பிறகு வடக்கில பொம்பிளையள் தலைமை தாங்கிற குடும்பங்கள் கனக்க, கணவன் செத்துப்போன வீடு, காணாமல் போன வீடு, விட்டிட்டுப் போன வீடு. தோட்டவேலையில கொத்துறது, மருந்தடிக்கிறது, விடியப்புறத்தில இறைக்கிறதுக்கு இவை கூலிக்கு ஆள் பிடிக்கவேணும், அதே நேரம் தாங்கள் கூலிக்குப் போனால் ஆம்பிளைக் கூலியை விடக் குறைவாத்தான் கிடைக்கும். அப்ப செலவு கூட, வரவு குறைவு. சட்டத்திலயும் ஒரு சிக்கல் இருக்கு. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்கச் சட்டம்) உட்பட்ட கலியாணம் கட்டின பொம்பிளை, 1911ம் ஆண்டுச் சட்டப்படி, தன்ர சொந்தச் சீதனக் காணியையே புருசன் எழுத்தில சம்மதம் தராமல் விக்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. புருசன் காணாமல் போன ஒருத்திக்கு அந்தக் கையெழுத்தை ஆர் வைக்கிறது? நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி எடுக்க வழி இருக்குத்தான், ஆனால் அதுக்குக் காசும் அலைச்சலும், பிள்ளையை ஆரிட்ட விட்டிட்டுப் போறது எண்டதும். காணி இருந்தும் காணியால கடன் எடுக்கேலாத நிலை இது, எனக்கு இதை நினைக்க நினைக்கக் கோபம் வரும்.

ரெண்டு பேரும் இருக்கிற வீட்டிலயும் காசு ஆற்ற கையில எண்டது முக்கியம். கன நாட்டில செய்த ஆய்வுகளில, பொம்பிளையின்ர கையில வாற வருமானம் சாப்பாட்டுக்கும் பிள்ளையளுக்கும் கூடுதலாப் போகுது எண்டு கண்டிருக்கினம். இஞ்சயும் பாருங்கோ, வெங்காயம் வித்த காசு பெரிசா ஒரே தரம் வந்து கடனுக்கும் மெசினுக்கும் போகும், ஆனால் முட்டை வித்த காசு, பால் சங்கத்துக்கு ஊத்தின பால் காசு, முருங்கைக்காய் வித்த காசு எல்லாம் சில்லறையா அம்மாவின்ர கையில வந்து அண்டண்டைக்குப் பருப்பா, மீனா மாறும். சாப்பாடு பரிமாறுற ஒழுங்கும் இருக்கு. கன வீட்டில தாய்தான் கடைசியாச் சாப்பிடுறது, சட்டியில மிஞ்சின சொதியும் சோறும். வீடு முழுக்கச் சாப்பிட்டுது எண்டு கணக்கில வரும், அந்த வீட்டில ஒரு ஆளுக்கு மட்டும் இரத்தம் குறைஞ்சுகொண்டு போகும்.

வெளியில இருந்து வாற வருமானம் கமத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஒரு ஆள் அரசாங்க வேலை, இல்லாட்டி மேசன், இல்லாட்டிக் கடைவேலை எண்டால் அந்த வீடு கழிவு விலைக்கு வெங்காயத்தை விக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக் காசும் அப்பிடித்தான், ஆனால் அதில ரெண்டு பக்கம் இருக்கு. பிள்ளையள் கனடாவிலயும் லண்டனிலயும் இருந்து அனுப்பிற காசால சாப்பாட்டுப் பிரச்சினை தீரும், அதே நேரம் தோட்டத்தில இறங்கிறதுக்கு ஆளில்லாமல் காணி தரிசாக் கிடக்கும், கேட்டால் குத்தகைக்கும் குடுக்காயினம். அரசாங்கம் வசதி குறைஞ்ச குடும்பங்களுக்கு அஸ்வெசும எண்ட உதவிக் காசை 2023ல இருந்து குடுக்குது, அது கிடைக்கிற வீட்டுக்கு அரிசி வாங்கிறதில ஒரு ஆறுதல். படிப்பு, வயசு, விவசாயப் போதனாசிரியரோட இருக்கிற தொடர்பு இதுகளும் ஆய்வுகளில வாற காரணிகள்தான், கமநல சேவை நிலையத்துக்கு நேரத்துக்குப் போய் விசயம் அறியிற வீட்டுக்கு விதை, பசளை, இழப்பீடு எல்லாம் முந்தி வரும், அவ்வளவுதான் அதில சொல்லக் கிடக்கு.

வளவுக்கு வாறன். ஒரு பொம்பிளையின்ர சாப்பாட்டில சத்து வகை காணுமோ எண்டு பாக்கிறதுக்கு ஒரு லேசான அளவுகோல் இருக்கு, சாப்பாட்டைப் பத்து வகையாப் பிரிச்சு, நேற்றுப் பகல் இரவு சாப்பிட்டதில அஞ்சு வகையாவது இருக்குதோ எண்டு பாக்கிறது. தானியமும் கிழங்கும் ஒரு வகை, பருப்பு அவரை ஒண்டு, கச்சான் எள்ளு ஒண்டு, பால், இறைச்சி மீன், முட்டை, கடும்பச்சை இலை, விற்றமின் ஏ உள்ள மஞ்சள் செம்மஞ்சள் காய்பழம், மற்றக் காய்கறி, மற்றப் பழம். சீனி, எண்ணெய், தேத்தண்ணி கணக்கில இல்லை. இப்ப காலமை பாணும் பருப்பும், மத்தியானம் சோறும் கத்தரிக்காயும், இரவு புட்டும் சாப்பிட்ட ஒரு ஆளுக்கு வகை மூண்டுதான் வருது, வயிறு நிறைஞ்சிருக்கும், சத்துக் காணாது. அதுக்க முருங்கையிலை வறையும் ஒரு துண்டு பழுத்த பப்பாப்பழமும் சேர்ந்தால் அஞ்சு. ரெண்டும் வேலியோரத்தில காசில்லாமல் வாறது. வளவே இல்லாமல் சின்னத் துண்டுக் காணியில வீட்டைக் கட்டினபிறகு இது எங்க நடுறது எண்டது வேறை கேள்வி. வேலியில கிளுவையும் பூவரசும் நிண்டால் ரெண்டு ஆடு நிக்கும், ஆடு நிண்டால் பள்ளிக்கூடச் செலவுக்கோ ஆசுபத்திரிக்கோ ஒண்டை வித்துச் சமாளிக்கலாம், நெல்லு மூடையில கை வைக்கத் தேவையில்லை. பனையும் அப்பிடித்தான், பாத்தி போட்டுத் தையில கிழங்கு கிண்டி ஒடியலாக் காயவைச்சால் மாரிக்குக் கூழுக்கு இருக்கும். தொண்ணூறுகளில போர் நேரம் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில எத்தினை வீட்டை ஒடியல் மாவும் மரவள்ளியும் காப்பாத்தினது எண்டு அந்தத் தலைமுறையைக் கேட்டால் சொல்லுவினம்.

தண்ணியை ஒரு வரியில விடேலாது. செம்மண் தோட்டப் பக்கக் கிணறுகளில பசளையால வாற நைத்திரேற்று கூட எண்டது கன காலமாத் தெரிஞ்ச விசயம், உலக சுகாதார அமைப்பு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு சொல்லுது, அதுக்கு மேல போன கிணறுகள் வலிகாமத்தில இருக்கு, முக்கியமாப் புட்டிப்பால் குடிக்கிற குழந்தையளுக்கு அது கூடாது. மலக்குழி கிணத்துக்குக் கிட்ட இருந்தால் வயித்தோட்டம், நல்லாச் சாப்பிட்ட பிள்ளையும் மெலியும். சாப்பிட்ட கையோட பிளேன்ரீ குடிக்கிற பழக்கமும் இரும்புச்சத்து உடம்பில சேருறதைக் குறைக்கும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிச்சால் காணும்.

கடைசியா, ஒரு வீடு எந்த நிலையில இருக்கு எண்டு எப்பிடி அறியிறது? உணவு விவசாய அமைப்பின்ர எட்டுக் கேள்வி முறை உலகம் முழுக்கப் பாவிக்கினம், காசோ வேறை வசதியோ இல்லாததால சாப்பாடு காணாமல் போகுமோ எண்டு யோசிச்சனீங்களோ எண்டதில தொடங்கி, சத்தான சாப்பாடு சாப்பிட முடியாமல் போச்சுதோ, ஒரு நேரச் சாப்பாட்டை விட்டனீங்களோ, கடைசியா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தனீங்களோ எண்டது வரைக்கும் போகும். யோசிக்கிறதில தொடங்கிறதுக்குக் காரணம் இருக்கு, பசி வாறதுக்கு முதல் பயம் வரும், பிறகு சாப்பாட்டின்ர தரம் குறையும், அளவு அதுக்குப் பிறகுதான் குறையும். இதைக் கேக்கப் போற பெடியள் பெட்டையளுக்கு ஒண்டு சொல்லோணும், வீட்டுத் தலைவர் எண்டு ஐயாவை மட்டும் கேட்டிட்டு வராதேங்கோ, அவருக்கு முன்னால வைச்ச கோப்பைதான் தெரியும், சட்டியில என்ன மிஞ்சினது எண்டு அம்மாவைத் தனியா இருத்திக் கேளுங்கோ. மாசியில ஒருக்காப் போங்கோ, நெல்லு வீட்டில நிக்கிற நேரம். பிறகு ஐப்பசி கார்த்திகையில அதே வீட்டுக்குத் திரும்பவும் போங்கோ, தோட்டம் வெள்ளத்தில நிக்கும், கூலி வேலை இருக்காது, நகை அடைவில இருக்கும், அப்பவும் அதே எட்டுக் கேள்வியைக் கேளுங்கோ.